பள்ளி வன்முறையைக் குறைக்க மாணவர்களையே ஈடுபடுத்துவதால் பயன் உண்டா?

பள்ளியிலும் ஊரிலும் நடக்கும் வன்முறையைக் குறைக்க மாணவர்களுக்கே பொறுப்புக் கொடுக்கும் திட்டங்கள் பயன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தரும், ஆனால் உறுதிமொழி வாசிக்கவைப்பதோடு நின்றுவிடும் திட்டங்கள் தருவதில்லை. திருநெல்வேலி மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தனக்கு நேர்ந்த துன்பத்தை அவன் ஆசிரியர்களிடம் சொன்ன பிறகுதான் அது நடந்தது என்பதை இன்றும் என்னால் கடந்துபோக முடியவில்லை. அதையடுத்து அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, எல்லாச் சமூகத்து மாணவர்களும் சேரும் சமூக நீதி மாணவர் படை எனப் பலவற்றைப் பரிந்துரைத்தது. கயிற்றுக்குத் தடை வேண்டியதுதான். ஆயினும், பள்ளி வாசலில் கழற்றிப் பையில் போட்ட கயிற்றை மாலையில் பேருந்து நிறுத்தத்திலேயே மறுபடி கட்டிக்கொள்ளும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் என்ற மாணவர் குழுத் திட்டம் தொடங்கப்பட்டபோது, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து குழுக்களுக்கும் பெயர்களைக் காலி சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கிப் பிரித்தோம். ஒன்பதாம் வகுப்பில் அதுவரை ஒரே பெஞ்சில் உட்காராத, வெவ்வேறு தெருக்களைச் சேர்ந்த இரண்டு பையன்கள் மருதத்தில் சேர்ந்தார்கள். வேப்பங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை அவர்களுக்கு வந்தது. வாளியின் கைப்பிடி உடைந்திருந்ததால் ஆளுக்கொரு பக்கம் விளிம்பைப் பிடித்துத்தான் தூக்கியாக வேண்டும். முதல் வாரம் பேசாமலே தூக்கினார்கள்.

ஜனவரியில் ஒரு நாள், காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் அவர்களில் ஒருவன் என்னிடம் வந்து, "சார், அவன் ரெண்டு நாளா பஸ்ல வரல, சைக்கிள்ல சுத்திப் போறான்" என்றான். விசாரித்தபோது, பெரிய வகுப்பு மாணவர்கள் சிலர் பேருந்தில் அவனை மிரட்டியது தெரிந்தது. வருகைப் பதிவேட்டில் அவன் இரண்டு நாளும் வந்தவன்; அதை மட்டும் பார்க்கும் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. மாணவர்களை ஈடுபடுத்துவதன் பயனாக நான் கருதுவது இதைத்தான்.

ஆனால் தகவல் சொன்ன பையனைக் காக்கும் பொறுப்பை மாணவர்கள் தலையில் கட்டக் கூடாது, அது பெரியவர்களுடையது. யார் சொன்னது என்பதைத் தலைமையாசிரியரைத் தவிர யாரிடமும் நான் சொல்லவில்லை. இரு தரப்புப் பெற்றோரையும் தனித்தனியே அழைத்துப் பேசினோம். அடுத்த மூன்று வாரங்கள், கடைசிப் பேருந்து கிளம்பும்வரை எங்களில் இருவர் முறை வைத்து நிறுத்தத்தில் நின்றோம். இரண்டாம் வாரத்தில் அவன் சைக்கிளை விட்டுவிட்டுப் பேருந்துக்கு வந்தான்.