வாய்ப்புண் ஒருமுறை வந்த ஆட்டுக்கே மறுபடியும் வருவது ஏன்?

கேள்வி: போன வருடம் என் ஆடுகளுக்கு உதட்டில் புண் வந்து, பொருக்குத் தட்டி, தானாக ஆறிவிட்டது. இப்போது குட்டிகளுக்கு வந்திருக்கிறது. போன முறை வந்த பெரிய ஆடுகள் சிலவற்றுக்கும் மறுபடி வந்துவிட்டது. ஒருமுறை வந்தால் எதிர்ப்பு சக்தி உண்டாகிவிடும் என்கிறார்களே? ஆன்டிபயாடிக் ஊசி போடலாமா?

பதில்: இது ஆர்ஃப் என்ற அம்மை வகை வைரஸாகத்தான் தெரிகிறது. கூடவே கடும் காய்ச்சல், மூக்கொழுகல், கழிச்சல் இருந்தால் ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிருமியோடு நடக்கும் சண்டை எல்லை மீறினால் ஆட்டின் சொந்தத் திசுக்களே கெடும். அதைத் தடுக்க, எதிர்ப்பு அணுக்களை அடக்கும் இன்டர்லூகின்-10 என்ற புரதத்தை உடலே சுரக்கிறது. இந்தப் புரதத்தைச் செய்யும் மரபணு ஆர்ஃப் வைரஸிடமும் இருக்கிறது! நியூசிலாந்து ஆய்வாளர்கள் 1997-ல் இதைக் கண்டறிந்தார்கள். வைரஸின் புரதம் செம்மறி ஆட்டின் புரதத்தோடு ஏறக்குறைய 80 சதவீதம் ஒத்துப்போகிறது. என்றோ ஒரு காலத்தில் ஆட்டினத்திடமிருந்தே திருடிய சரக்கு என்றுதான் கருதுகிறார்கள். வைரஸ் புகுந்த தோல் செல்கள் இதைச் சுரப்பதால் அங்கே எதிர்ப்பு மட்டுப்படுகிறது. அந்த இடைவெளியில் வைரஸ் பெருகிக்கொள்கிறது. எதிர்ப்பு அணுக்களை ஊக்குவிக்கும் வேறு சில புரதங்களை முடக்கவும் அதனிடம் தனிச் சரக்கு உண்டு.

அதற்காக ஆட்டுக்கு எதிர்ப்பு சக்தியே வராது என்றில்லை. அது முழுமையாக இருப்பதில்லை, அவ்வளவுதான். பெரிய ஆடுகளைக் கவனித்துப் பாருங்கள், இந்த முறை புண் சிறியதாக இருக்கும், சீக்கிரமும் ஆறும்.

ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. புண்ணில் சீழ் வைத்தாலோ புழு வைத்தாலோதான் மருத்துவர் சொல்லும் மருந்து தேவை. பொருக்கைப் பிய்க்காதீர்கள். உதிர்ந்த பொருக்கில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், காய்ந்த கொட்டகையில் இன்னும் நீண்ட காலம்கூட. அதைக் கூட்டி எரித்துவிடுங்கள். கீறல் வழியாகத்தான் இது உள்ளே போகிறது, அதனால் முள்ளும் சொரசொரப்புமான தீவனத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். குட்டி வாயிலிருந்து தாயின் காம்புக்குத் தொற்றினால் மடிநோய் வரும், தினமும் மடியைப் பாருங்கள். புண்ணைத் தொடும்போது கையுறை கட்டாயம், மனிதருக்கும் ஒட்டும்.

தடுப்பூசி போடச் சொல்வார்கள். அது உயிருள்ள வைரஸ், ஊசி போட்ட இடத்துப் பொருக்கும் நோயைப் பரப்பும். ஏற்கெனவே நோய் உள்ள உங்கள் மந்தைக்கு மருத்துவரைக் கேட்டுப் போடலாம். நோயே வராத பக்கத்து மந்தைக்கு வேண்டாம்.