மனைவிக்கு ஸ்கேன் நார்மல், ஒன்றரை வருடமாகியும் குழந்தை தங்கவில்லை. அடுத்து என்ன செய்வது?

மனைவிக்கு 31 வயது, நீங்கள் மண்டபத்தில் விசைப்படகில் தொழில் செய்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் உங்களுக்கு விந்துப் பரிசோதனை. நம் கரையோர ஊர்களில் இதைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள்; பெண்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறாள். அது நியாயமே இல்லை. குறை இருவரில் யாருக்கும் இருக்கலாம், இருவருக்கும் சேர்ந்தும் இருக்கலாம்.

2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் அது லேபில் இருக்க வேண்டும். அதனால் ராமநாதபுரம் போய் லேபிலேயே கொடுப்பது நல்லது. உயிரணு எண்ணிக்கை ஒரு மில்லி லிட்டரில் 1 கோடியே 60 லட்சத்துக்குக் குறைந்தாலும் பயப்படாதீர்கள், மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். உயிரணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இதற்கெல்லாம் வசதி. உயிரணுவுக்கு ஆகாத இன்ஜின் சூடும் இல்லை, கரையிலேயே இருப்பீர்கள். பீடி, சிகரெட், குடி இருந்தால் இன்றே விடுங்கள்.

ஸ்கேன் நார்மல் என்றாலும் கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று அதில் தெரியாது. மாதவிலக்கு ரத்தப்போக்கு நின்றதும் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே அதைக் காட்டும். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

குழாய் திறந்திருந்து, முட்டை மட்டும் சரியாக வெளிவராவிட்டால் மாத்திரையில் தொடங்குவார்கள். அப்புறம்தான் ஐ.யு.ஐ., அதாவது உயிரணுவை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்துவது. குழாய் இரண்டும் அடைபட்டிருந்தாலோ உயிரணு மிகக் குறைவாக இருந்தாலோ ஐ.வி.எஃப். (முட்டையையும் உயிரணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்குவது) பற்றிப் பேசலாம். இந்தப் பரிசோதனைகள் முடியும் முன்பே யாராவது ஐ.வி.எஃப்.புக்குப் பணம் கட்டச் சொன்னால், வேறு மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.