பேரலை மாற்றுவதற்கு முன்: .22 ரைஃபிள் கேள்வி – பதில்

கேள்வி: உரிமத்தோடு ஒரு .22 போல்ட் ரைஃபிள் வைத்திருக்கிறேன். 50 மீட்டரில் குறி சுடுவதுதான் பொழுதுபோக்கு. பேரல் (குழல்), ஸ்டாக் (பிடிகட்டை), விசை என்று ஒவ்வொன்றாக மாற்றி எனக்கேற்றபடி அமைத்துக்கொள்ள ஆசை. எதில் தொடங்குவது?

பதில்: எதையும் கழற்றாமல் முதலில் ஐந்தாறு வகைத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில். அதற்குப் பிறகும் மனம் நிறையவில்லை என்றால் விசை, பிறகு ஸ்டாக், கடைசியாகப் பேரல். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். புதுப் பேரல் வந்த பெட்டியைப் பிரிக்கும் சுகம் அப்படி!

3 கிலோ ரைஃபிளில் விசையை இழுக்க 2 கிலோ பலம் வேண்டியிருந்தால், எவ்வளவு நல்ல பேரல் இருந்தும் குறி கலையும். அதற்காகச் சியரை (விசை இழுக்கும்வரை ஊசியைத் தடுத்துப் பிடிக்கும் கொக்கி) அரத்தால் தேய்க்க வேண்டாம். அதன் கடினப்படுத்திய மேல்தோல் மிக மெல்லியது. அது போய்விட்டால் உள்ளே மெத்தென்ற இரும்பு. சில நூறு சுடுதல்களில் விளிம்பு மழுங்கி, தட்டினாலே விழும் விசையாகிவிடும். ஸ்பிரிங்கை மாற்றுங்கள், அல்லது விசைத் தொகுதியையே மாற்றுங்கள். மாற்றியதும் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுச் சோதியுங்கள்: போல்ட்டை வேகமாக அடித்து மூடுங்கள், ஸ்டாக்கின் அடியை ரப்பர் சுத்தியால் தட்டுங்கள், பாதுகாப்புப் பூட்டை நாலைந்து முறை போட்டு எடுங்கள். ஒரு முறை தானாக விழுந்தாலும் அந்த அமைப்பு ஆகாது.

பேரலை மாற்றியே தீருவது என்றால் நீளத்தைவிடச் சேம்பரை (தோட்டா உட்காரும் பேரலின் பின்பகுதி அறை) பாருங்கள். வேட்டை ரைஃபிள்களின் சேம்பர் எந்தத் தோட்டாவும் நுழையும்படி தளர்வாக இருக்கும். மேட்ச் (போட்டி) சேம்பரில் போல்ட்டை மூடும்போதே குண்டின் முன்பகுதி, பேரலின் உட்சுவரில் வெட்டிய புரிகளில் லேசாக அழுந்தும். கைக்கு ஒரு சிறு தடை தெரியும். சுடாத தோட்டாவை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால் ஈயத்தின் மேல் சுற்றிலும் மயிரிழை போலக் கீறல்கள் இருக்கும். குண்டு பேரலின் நடுக்கோட்டில் நின்று புறப்படுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. இப்படிப்பட்ட சேம்பரிலிருந்து சுடாத தோட்டாவை இழுக்கும்போது எப்போதாவது குண்டு உள்ளேயே தங்கி, மருந்து மட்டும் கொட்டிவிடும். அப்படியானால் அடுத்த தோட்டாவைப் போடக் கூடாது; கம்பியால் குண்டைத் தள்ளிவிட்டு, மருந்தையும் துடைத்த பிறகே தொடர வேண்டும்.

சி.இசட் 457 போன்றவற்றில் பேரலைச் சின்னத் திருகுகள் பிடித்திருப்பதால் வீட்டிலேயே மாற்றலாம். 1964இல் வந்த ரூகர் 10/22இல் பேரலைப் பிடிப்பது ஒரு வி-பிளாக்கும் இரண்டு திருகுகளும்தான். அதில் கனத்த பேரலைப் போட்டால் முன்பாரத்தில் தலை தொங்கி, ஸ்கோப்பில் ஏற்றம் போதாமல் போவது வழக்கமான புகார். எந்த வகையானாலும் ஹெட்ஸ்பேஸை (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா விளிம்பு நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அதற்கான கேஜால் பாருங்கள். .22 தோட்டா விளிம்பில்தான் நிற்கிறது. அந்த இடைவெளியின் கீழெல்லை சுமார் 1.09 மி.மீ. அதைவிட மிகவும் கூடினால் ஊசி அடித்தும் வெடிக்காத தோட்டாக்கள் வரும், உறை பின்பக்கம் பிளக்கவும் கூடும். குறைந்தால் போல்ட் மூடும்போதே விளிம்பு நசுங்கும். அடித்ததும் பற்றிக்கொள்ளும் கலவை அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது. சேம்பர் வெட்டுவதும் பேரல் முனையைக் கடைவதும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியர் வேலை. எந்தப் பாகத்தை வாங்க, மாற்ற அனுமதி வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நண்பரின் ரைஃபிளில் ஒரே ஓட்டையாகச் சுடும் விலை உயர்ந்த தோட்டா என்னுடையதில் சிதறுகிறது. இருவருடையதும் ஒரே மாடல். பேரல் கெட்டுவிட்டதா?

பதில்: பேரலைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. சென்டர்ஃபயர் (உறையின் அடி நடுவில் ஊசி அடிக்கும் வகை) சுடுபவர் தனக்கு வேண்டிய அளவில் மருந்தைத் தானே நிறைத்துக்கொள்ளலாம். ரிம்ஃபயரில் (.22 போல விளிம்பில் ஊசி அடிக்கும் வகை) அந்த வழி இல்லை. தொழிற்சாலை தருவதுதான் நமக்கு. ஆகவே துப்பாக்கிக்கேற்ற தோட்டாவைத் தேடிப் பிடிப்பதே இங்கே பாதி வேலை. தேட வேண்டியது பெயரை அல்ல, லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுப்பின் எண்ணை. ஒரே பெட்டி, ஒரே பெயர், ஒரே விலை. லாட் மாறினால் விளிம்பின் தடிப்பு, மெழுகின் பதம், வேகம் எல்லாமே கொஞ்சம் மாறும். நண்பரின் பெட்டி ஓரத்தில் அச்சிட்ட எண்ணையும் உங்களுடையதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு சேம்பர்கள் ஒன்றாக இருக்காது.

ஒரு கணக்கு போட்டால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். சாதாரண வேகத் தோட்டா விநாடிக்கு 325 மீட்டர் அளவில் புறப்படுகிறது. இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே விநாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால், 50 மீட்டரில் மேலும் கீழுமாக 7, 8 மி.மீ. விலகும். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு) 50 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ. நீங்கள் மூச்சை அடக்கி எவ்வளவு நிதானமாகச் சுட்டும் பயனில்லை; பத்துக்குப் பதில் ஒன்பது விழுவது தோட்டாப் பெட்டிக்குள்ளேயே முடிவாகியிருக்கிறது.

சோதிக்கும்போது ரைஃபிளை முன்னும் பின்னும் மணல் பையில் வையுங்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் முதல் 10, 15 தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேரலில் பழைய தோட்டாவின் மெழுகு போய்ப் புதியதன் மெழுகு படியும்வரை குறி அலையும். பலர் நல்ல லாட்டை ஒதுக்கிவிடுவது இந்த இடத்தில்தான். பிறகு பத்துப் பத்தாக நான்கு தொகுதி. மூன்று தோட்டாவில் கிடைத்த அழகான கொத்தை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், முடிவெடுக்கக் கூடாது. சிறந்த தொகுதியைப் பார்க்காமல் மோசமான தொகுதியை வைத்து லாட்களை ஒப்பிடுங்கள். ஜெயித்த லாட்டில் ஒரு வருடத்துக்கு வேண்டியதை உடனே வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் போனால் அந்த எண் இருக்காது.

கேள்வி: சுத்தம் செய்யக் கழற்றித் திரும்பப் பூட்டினால் ஒவ்வொரு தடவையும் குறி வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. மர ஸ்டாக். எபாக்ஸி பெட்டிங் (துப்பாக்கியின் இரும்பு உடல் அசையாமல் உட்கார ஸ்டாக்கில் எபாக்ஸிப் பசையால் படுக்கை வார்ப்பது) செய்தால் சரியாகுமா? நானே செய்யலாமா?

பதில்: முதலில் நோயைப் பாருங்கள். ரைஃபிளை நிமிர்த்திப் பிடித்து, பேரலும் ஸ்டாக்கின் முனையும் சேருமிடத்தில் விரலை வைத்துக்கொண்டு முன் திருகை மெல்லத் தளர்த்துங்கள். பேரல் நகர்வது விரலுக்கே தெரிந்தால் ரிசீவர் (பேரலும் போல்ட்டும் பொருந்தும் இரும்பு உடல்) வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். டயல் கேஜ் இருந்தால், 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் பெட்டிங் வேண்டும். நகரவில்லை என்றால் திருகை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இறுக்கத்தில் பூட்டுகிறீர்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவு தெரியாவிட்டால் வெறும் மரத்துக்கு 2 நியூட்டன் மீட்டரில் தொடங்குங்கள். அலுமினியத் தூண் பதித்ததற்கு 4, 5 வரை போகலாம். டார்க் ஸ்க்ரூடிரைவர் (இறுக்கத்தை அளவிட்டுப் பூட்டும் திருப்புளி) ஒன்று வாங்கினாலே பாதிப் பேருக்கு இந்தப் புகார் தீர்ந்துவிடும்.

பெட்டிங்தான் என்றால் தாராளமாக நீங்களே செய்யலாம், அவசரம் மட்டும் கூடாது. விசைத் தொகுதியைக் கழற்றுங்கள். ரிசீவர் உட்காரும் மரத்தை 2 மி.மீ. ஆழம் செதுக்குங்கள், எண்ணெய் குடித்த மரத்தில் எபாக்ஸி பிடிக்காது, அசிட்டோனால் துடையுங்கள். ரிசீவரின் ஒவ்வொரு துளையையும் பள்ளத்தையும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடையுங்கள். இதில் ஒன்றை விட்டால் எபாக்ஸி உள்ளே புகுந்து கெட்டியாகி, ரிசீவரும் ஸ்டாக்கும் பிரியவே பிரியாது. உளியால் ஸ்டாக்கை உடைத்து எடுத்தவர்கள் உண்டு. பிறகு மெழுகு: மெல்லிய இரண்டு பூச்சு, திருகு மரைகளுக்கும் சேர்த்து. ரிகாயில் லக் (பின்னுதைப்பைத் தாங்கும் முளை) இருந்தால் அதன் முன்பக்கம், இரு பக்கவாட்டு, அடி ஆகியவற்றில் ஒரு சுற்று டேப் ஒட்டி, பின்முகத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். பேரலின் முன்பகுதியில் டேப் சுற்றினால் அது ஸ்டாக்கின் நடுவில் தானாக நிற்கும்.

எஃகுத்தூள் கலந்த எபாக்ஸியை நடுவில் குவித்து வையுங்கள், பரப்பாதீர்கள். ரிசீவர் அழுத்தும்போது அது தானாகப் பரவி, காற்றுக் குமிழைத் தள்ளிக்கொண்டு போகும். திருகை முறுக்கி இறுக்காதீர்கள். இறுக்கினால் பழைய வளைவையே எபாக்ஸியில் வார்த்துவிடுவீர்கள். தலையில்லாத இரண்டு கம்பிகள் வழிகாட்ட, ரிசீவர் சொந்த எடையில் உட்காரட்டும். மேலே ஒரு ரப்பர் பட்டை போதும். வழிந்தது ரப்பர் பதத்துக்கு வரும்போது மரக்குச்சியால் சீவுங்கள். 24 மணி நேரம் தொடக் கூடாது. பிறகு திருகுத் துளைகளை ஒரு நூல் பெரிதாக்கினால் திருகின் உடம்பு பக்கத்தில் உரசாது.

கேள்வி: காலியாக விசையை இழுத்துப் பழகலாமா?

பதில்: ஊசி, தோட்டா இல்லாதபோது சேம்பரின் உதட்டில் போய் இடிக்கும் மாடல்களில் கூடாது. இடித்த இடத்தில் பள்ளம் விழுந்து, பிசிர் உள்ளே நீட்டி, உறை சிக்கும். உங்கள் மாடலின் கையேடு அனுமதித்தால் பழகலாம். இல்லையென்றால் பயிற்சித் தோட்டா போட்டுப் பழகுங்கள்.

கேள்வி: ஹை வெலாசிட்டி தோட்டா வேகமாகப் போவதால் காற்று அதைக் குறைவாகத் தள்ளும்தானே?

பதில்: அப்படித்தான் தோன்றும். ஆனால் 50, 100 மீட்டரில் கூடுதலாகத்தான் தள்ளும். விநாடிக்கு 380 மீட்டரில் கிளம்பும் குண்டு ஒலியின் வேகத்தைக் கீழ்நோக்கிக் கடக்கிறது. அந்த இடத்தில் காற்றுத்தடை அதிகம், வேகம் சட்டென்று இறங்கும். பக்கக்காற்றில் விலகுவது பறக்கும் நேரத்தைவிட, வழியில் இழந்த வேகத்தைப் பொறுத்தது. மேட்ச் தோட்டாக்களை ஒலிக்குக் கீழேயே வைத்திருப்பது இதனால்தான். அதிலும் விநாடிக்கு 1 மீட்டர் பக்கக்காற்று 50 மீட்டரில் சுமார் 6 மி.மீ. தள்ளும்.

கேள்வி: ரிம்ஃபயர் பேரலைச் சுத்தமே செய்யக் கூடாது என்கிறார் ஒருவர், தினமும் செய் என்கிறார் இன்னொருவர்.

பதில்: குண்டு பூசிக்கொண்டு வரும் மெழுகுதான் பேரலுக்குக் காவல், அதைத் தினமும் துடைத்தெடுக்க வேண்டாம். ஆனால் சேம்பரின் முன்விளிம்பில் கரி ஒரு வளையமாகக் கட்டும். உறை இழுக்கத் தடை காட்டுவதும், நன்றாகப் போன லாட்டில் திடீரென்று ஒன்றிரண்டு விலகுவதும் அதன் அறிகுறி. கரைப்பானில் நனைத்த துணியை அந்த இடத்தில் பத்து நிமிடம் விட்டு, வெண்கல பிரஷால் நாலைந்து தடவை தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். கம்பி எப்போதும் வழிகாட்டிக் குழாய் மூலம் பின்பக்கமாகவே நுழையட்டும். முன்பக்கமிருந்து நுழைத்தால் முனை விளிம்பு ஒரு பக்கமாகத் தேயும். குண்டைக் கடைசியாகத் தொட்டு அனுப்புவது அந்த விளிம்பு. முடித்ததும் 10, 15 தோட்டா சுட்ட பிறகே இலக்கைத் தொங்கவிடுங்கள்.