டிஎன்ஏ ஓரிகாமி செல் ஊடகத்தில் சிதைவது பற்றி

வணக்கம். பஃபரில் (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசலில்) நன்றாக மடிந்த உங்கள் டிஎன்ஏ ஓரிகாமி, அதாவது டிஎன்ஏ இழைகளை மடித்துச் செய்த நுண்வடிவம், செல் வளர்ப்பு ஊடகத்தில் விட்டதும் சிதைகிறது என்று எழுதியிருந்தீர்கள். டிசைனைச் சந்தேகிக்க வேண்டாம், முதலில் மெக்னீசியத்தைப் பாருங்கள். மடிக்கும்போது பொதுவாக 12 மில்லிமோலார் வரை இருப்பது, ஊடகத்தில் 1-க்கும் கீழே இறங்கிவிடும். நெருக்கி அடுக்கிய இழைகள் எல்லாமே எதிர்மின்னூட்டம் கொண்டவை. நடுவில் நிற்கும் மெக்னீசியம் விலகினால் ஒன்றையொன்று தள்ளத்தான் செய்யும். ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தில் (இரத்தத்திலிருந்து எடுத்த திரவத்தில்) உள்ள நியூக்ளியேஸ் என்ற நொதி வேறு டிஎன்ஏவை வெட்டும்.

2017-இல் வெளிவந்த ஆலிகோலைசின்-பெக் பூச்சை முயன்று பாருங்கள், அருமையான வழி. நேர்மின்னூட்டமுள்ள லைசின் அமினோ அமிலத்தின் குறுஞ்சங்கிலியோடு பெக் என்ற பாலிமரை இணைத்தது அது. லைசின் நைட்ரஜனும் டிஎன்ஏ பாஸ்பேட்டும் 1:1 வரும்படி கலந்தால் போதும். பூசியபின், மின்சாரம் செலுத்தி டிஎன்ஏவை நகர்த்திப் பார்க்கும் ஜெல்லில் பட்டை நகராமல், மாதிரியை இட்ட கிணற்றிலேயே (குழியிலேயே) நின்றால் பயப்படாதீர்கள், மின்னூட்டம் சமமானதால் அப்படி. எதிர்மின்னூட்டமுள்ள டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் என்ற பாலிமரைச் சேர்த்துப் பூச்சைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். ஜெல் படத்தை இங்கே போட்டால் சேர்ந்து பார்ப்போம்.