டீசல் சூடு சென்சார்: கேள்வி பதில்

காக்கி புக்கிட் வேன்காரர்: அண்ணே, இன்ஜின் லைட் எரியுது, பி0183 காட்டுது. புது சென்சார் வாங்கிடவா?

இப்போது வேண்டாம் தம்பி. பி0183 என்பது, டீசல் சூட்டை அளக்கும் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று வண்டி காட்டும் கோடு (பழுது எண்). சென்சார் செத்தாலும், வயர் அறுந்தாலும், பிளக் பின்னில் பச்சை பிடித்தாலும் இதே கோடுதான் வரும். முதலில் பின்னைப் பாருங்கள். அடுத்து சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், ஸ்கேனரில் டீசல் சூட்டைப் பாருங்கள். மைனஸ் 40 காட்டினால் சர்க்யூட் எங்கோ விட்டுப்போயிருக்கிறது; நம் சிங்கப்பூரில் டீசல் அவ்வளவு குளிராது. சென்சார் பிளக்கைக் கழற்றி, வண்டிப் பக்கத்து இரண்டு முனைகளையும் சிறு வயரால் சேருங்கள். எண் உச்சத்துக்கு ஏறினால் வயரும் ஈசியூவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) நன்றாக இருக்கின்றன, சென்சாரை மாற்றலாம். ஏறாவிட்டால் வயரில் பழுதைத் தேடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். டென்சோ எச்பி3 பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வுக்கும் இரண்டு பின் பிளக்தான். அதைச் சேர்த்துவிட்டால் ஈசியூவே போகலாம். எந்தப் பிளக் என்று மேனுவலில் உறுதி செய்துவிட்டுக் கை வையுங்கள்.

கிராஞ்சி லாரிக்காரர்: எனக்கு பி0182ண்ணே.

அது ஷார்ட், அதாவது அதே சென்சார் சர்க்யூட்டில் கரண்ட் போகக் கூடாத வழியில் போகிறது. பிளக்கைக் கழற்றுங்கள். எண் மைனஸ் 40க்கு விழுந்தால் சென்சார் உள்ளே ஷார்ட். விழாவிட்டால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது.

உட்லண்ட்ஸ் அன்பர்: கோடு எதுவும் இல்லை, ஆனா இழுவை குறைஞ்சிருக்கு.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பாருங்கள். கூலண்ட், உள்ளிழுக்கும் காற்று, டீசல் மூன்றும் 30 டிகிரியை ஒட்டி ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். டீசல் மட்டும் 50 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. கழற்றி அளந்தும் பார்க்கலாம்: பல சென்சார்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோஓம், 80 டிகிரியில் 300 ஓம் சுமாருக்கு இருக்கும்.

ஜூரோங் அன்பர்: எதுக்கு இவ்வளவு? 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டா லைட் அணைஞ்சிடும். காசும் மிச்சம்.

செய்யவே கூடாது. டீசல் சூடானால் அடர்த்தி குறையும். அதற்கேற்ப ஈசியூ பீச்சும் அளவைத் திருத்துகிறது. சூடான டீசல் நீர்த்துப்போய் பம்புக்குப் போதிய வழுவழுப்பும் தராது. அதனால்தான் பல இன்ஜின்கள் சூடு கூடும்போது சக்தியைக் குறைத்துக்கொள்கின்றன. ரெசிஸ்டர் போட்டால், பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் டீசல் கொதித்தாலும் ஈசியூ 20, 25 டிகிரி என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

ஜூரோங் அன்பர்: என் கூட்டாளி வண்டி ஒரு வருஷமா அப்படித்தான் ஓடுது. பிளக்கைக் கழற்றினாலே நல்லா இழுக்குதே?

கழற்றினால் ஈசியூ தானாக ஒரு மாற்று மதிப்பை எடுத்துக்கொள்கிறது, கூடவே லைட்டையும் எரியவிடுகிறது. இழுவை கூடினால் பழைய சென்சார் பொய் சொன்னது என்றுதான் பொருள். சென்சாரே தேவையில்லை என்றல்ல. பம்பு தேய்ந்து இரும்புத்தூள் இன்ஜெக்டருக்குப் போனால் வரும் செலவோடு ஒரு சென்சார் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறர் வண்டியில் இந்த ரெசிஸ்டர் வேலையைச் செய்து கொடுக்காதீர்கள்.

ஈசூன் அன்பர்: பி0183 வந்திருக்கு, சென்சார் மாத்தவா?

முதல் பதிலைப் படியுங்கள். பின்னைப் பாருங்கள்.

தெம்பனிஸ் அன்பர்: என் பெட்ரோல் கார்ல ஃபேன் நிக்கவே மாட்டேங்குது.

அது கூலண்ட் பக்கம். கார் எலக்ட்ரிஷியனிடம் காட்டுங்கள்.

துவாஸ் லாரிக்காரர்: வயரை ஊசியால குத்தி வோல்டேஜ் பார்க்கலாமா?

வேண்டாம். இந்த ஊர் ஈரத்துக்கு அந்த ஓட்டையிலேயே செம்பு பச்சை பிடிக்கும். பிளக்கின் பின்பக்கமாக மெல்லிய முனையை நுழைத்து அளக்கலாம். பிளக் கழற்றியிருந்தால் 5 வோல்ட் வர வேண்டும்.

செங்காங் அன்பர்: நானே மாத்தலாமா?

பல வண்டிகளில் மாற்றலாம். இன்ஜின் ஆறட்டும். உயர் அழுத்தக் குழாய் எதையும் தளர்த்தாதீர்கள்; ஓடும்போது அதிலிருந்து பீச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். சென்சாரைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள், தூசி பம்புக்குள் போகக் கூடாது. புது வாஷர் போடுங்கள்.