பிரித்தது பாடமா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளில் 'எத்னிக் ஸ்டடீஸ்' (இனக்குழுக்களின் வரலாறும் வாழ்வும் பற்றிய படிப்பு) என்று ஒரு துறையே இருக்கிறதாமே. எல்லோரும் மனிதர்கள்தான் என்று சொல்லிக்கொடுப்பதை விட்டு, இனத்தைப் பாடமாக்கினால் பிரிவினைதானே வளரும்?

பதில்: பிரிவினையைப் பாடம் கொண்டுவரவில்லை, சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டில் பிறந்தவர்களில் 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டுமே அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்று 1790-லேயே எழுதிவிட்டார்கள். 1870-ல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள். சரி, வெள்ளையர் என்றால் யார்? அதைச் சட்டம் சொல்லவே இல்லை.

குடியுரிமை கேட்ட தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில் 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. வீட்டில்கூட ஆங்கிலம் பேசியவர். ஜப்பானியர் பலரின் தோல் வெள்ளைதானே என்ற வாதம் எடுபடவில்லை. நிறம் போதாது, 'காக்கேசிய' இனமாக (ஐரோப்பியரை உள்ளடக்கி அன்றைய நூல்கள் வகுத்த பிரிவு) இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மூன்றே மாதம் கழித்து பகத் சிங் திந்த் வழக்கு. பஞ்சாபில் பிறந்த சீக்கியர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய இனவியல் நூல்களின்படி அவர் காக்கேசியர். இப்போது அதே நீதிமன்றம், இரண்டு தீர்ப்பையும் எழுதிய அதே நீதிபதி சதர்லேண்ட், நூல்கள் முக்கியமில்லை, சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறாரோ அவரே வெள்ளையர் என்றார்! ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. இந்தியர்களுக்கு 1946-ல்தான் சட்டம் மாறியது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது திந்த் தரப்பு வைத்த வாதம். வெள்ளையர் கறுப்பரோடு மணஉறவு கொள்ள மறுப்பதுபோல, உயர்சாதி இந்துவும் இந்தியப் பூர்வகுடிகளோடு கலக்க மாட்டார், ஆகவே நானும் உங்களைச் சேர்ந்தவன் என்பது அதன் சாரம். தனக்குக் கதவு திறக்க, சாதியைச் சாவியாக நீட்டினார்கள். நாம் கட்டாயம் படிக்க வேண்டிய பக்கம் இது.

அப்புறம், இந்தத் துறையை யாரும் மேலிருந்து திணிக்கவில்லை. 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் மாணவர்கள் இந்தப் படிப்பு வேண்டும் என்று கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். போலீஸ் தடியடி, கைதுகள் எல்லாம் நடந்தன. 1969 மார்ச் வரை அவர்கள் பின்வாங்கவில்லை. அந்த ஆண்டே அங்கே இதற்கென்று தனிக் கல்லூரிப் பிரிவு வந்தது. பிரிவினை என்கிறீர்களே, அந்த நான்கரை மாதமும் கறுப்பின மாணவர்கள், மெக்சிக வம்சாவளியினர், சீனர், பிலிப்பினோக்கள் எல்லோரும் ஒரே அணியில்தான் நின்றார்கள்.