ஆபீஸிலேயே டே கேர்: குழந்தையை விடலாமா?

கேள்வி: குழந்தைக்கு 9 மாதம். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். ஆபீஸ் கீழ்த்தளத்திலேயே டே கேர் இருக்கிறது. அங்கே பிள்ளையை விடும் தோழிகளில் ஒருத்தி "நிம்மதியா இருக்கு" என்கிறாள், இன்னொருத்தி "வேலையே ஓடல" என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். என்னிடம் பேசும் அம்மாக்களும் இப்படித்தான் இரண்டு விதமாகச் சொல்வார்கள், கொஞ்சம் துருவிக் கேட்டால் பேச்சு அங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரிடம்தான் வந்து நிற்கும்.

அதனால் முதலில் அவர்களைப் பாருங்கள். 1 வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒருவர் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு சொல்லும் கணக்கு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் எண்ணுங்கள், ஆட்கள் முறை வைத்துச் சாப்பிடப் போகும் அந்த அரை மணியில்தான் நிஜக் கணக்கு தெரியும். அழும் குழந்தையை எவ்வளவு நேரத்தில் தூக்குகிறார்கள், டயப்பர் மாற்றியதும் கை கழுவுகிறார்களா, குழந்தையைத் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

பால் விஷயத்தில் பக்கத்தில் இருப்பது பெரிய வரம். பீய்ச்சிய பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் என்றெல்லாம் கணக்குப் பார்க்காமல் நேரே போய்க் கொடுக்கலாம். ஆனால் அதற்கான நேரத்தை மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தால் கீழ்த்தளத்தில் இருந்தும் பயனில்லை.

அப்புறம் அழுகை. அம்மாவைப் பிரியும் பயம் பெரும்பாலும் 8 மாதம் வாக்கில் தொடங்கி, 10 முதல் 18 மாதத்துக்குள் உச்சத்துக்குப் போகும். உங்கள் குழந்தை சரியாக அந்த வாசலில் நிற்கிறது. இந்த வயதில் நீங்கள் பத்து தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தால், குழந்தைக்கு அது பத்து தடவை பிரிகிற மாதிரிதான். பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் போங்கள், கிளம்பும்போது டாட்டா சொல்லிவிட்டே கிளம்புங்கள், கண்ணில் படாமல் நழுவாதீர்கள். வேலைக்குச் சேர 2 வாரம் முன்பே பழக்கத் தொடங்கினால் நல்லது: முதலில் நீங்களும் கூடவே உட்கார்ந்து, அப்புறம் அரை மணி, பிறகு அரை நாள்.

வேலையை விட்டால் குழந்தையின் இடமும் போய்விடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்த குழந்தையைப் பொதுவாக உள்ளே சேர்க்க மாட்டார்கள், அன்றைக்கு யார் லீவு போடுவது என்று குழந்தையின் அப்பாவிடம் இப்போதே பேசி வையுங்கள்.